எட்டு சித்தியும் கைவந்தவனுக்குக் கதை உண்டா?

கேள்வி (8 ஜூன் 2024)

அட்டமாசித்தியும் கைவந்த ஒருவனை வைத்து நாவல் எழுதுகிறேன். ஐந்தாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. அவனை யாரும் எதுவும் செய்ய முடியாது, அவனால் எல்லாம் முடியும். பிறகு எதிரி எதற்கு, கதை எதற்கு? அமெரிக்கக் காமிக்ஸ்காரர்கள் சூப்பர்மேனின் பலத்தைப் போக்க கிரிப்டோனைட் என்ற ஒரு கல்லை வைத்தார்கள். நம் புராணங்களில் சக்திக்கு வரம்பே கிடையாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு 9.15

மறுக்கிறேன். வரம்பு இருக்கிறது, அதுவும் சக்தியை விவரிக்கும் அதே வரியில் இருக்கிறது. நாம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு விவரத்தை விட்டுவிடுகிறோம்.

சூப்பர்மேன் 1938இல் வந்தபோது அவருக்குக் கிரிப்டோனைட்டும் இல்லை, பறக்கவும் தெரியாது. எட்டில் ஒரு மைல் தாவுவார், அவ்வளவுதான். கிரிப்டோனைட் 1943இல் வானொலித் தொடரில் முதலில் நுழைந்தது. அவர்கள் கதை நகர்வதற்காகப் பிறகு ஒட்டவைத்ததை நம்மவர்கள் ஆரம்பத்திலேயே உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

முதலில் எந்த எட்டு என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் நினைப்பது அணிமா, மகிமா, இலகிமா, கரிமா, பிராத்தி, பிராகாமியம், ஈசத்துவம், வசித்துவம். பதஞ்சலியின் யோகசூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரையில் கரிமா கிடையாது. அந்த இடத்தை நிரப்பக் கடைசியில் ‘காமாவசாயித்துவம்’ வருகிறது, நினைத்தது நினைத்தபடி ஆவது. திருமூலர் எட்டை எண்ணும்போது பரகாயம், அதாவது கூடுவிட்டுக் கூடு பாய்தல், எட்டில் ஒன்றாக வருகிறது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றாக இராது. பிராத்தி என்பதற்கு வியாசர் உரை தரும் உதாரணம், தரையில் நின்றபடி விரல் நுனியால் சந்திரனைத் தொடுவது. திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் சொல்வது பாதாளத்தில் இருப்பவன் பிரமலோகம் புகுந்து மறுபடி பாதாளம் திரும்புவது. ஒன்று எட்டுதல், மற்றது போய்வருதல். எட்டுகிறவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான், அவனை அங்கே பிடிக்கலாம். போகிறவன் வீட்டைக் காலியாக விட்டுப் போகிறான். எதிரிக்கு இரண்டும் இரண்டு விதமான வாய்ப்பு. எது வேண்டும் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

9 ஜூன், இரவு 11.40

இதே இழையில் ஒருவர் இலகிமா என்றால் பறப்பது என்று எழுதியிருக்கிறார். பரவலாக நிலவும் தவறு. பறப்பதற்கு யோகசூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் தனிச் சூத்திரம் இருக்கிறது. உடலுக்கும் ஆகாயத்துக்கும் உள்ள தொடர்பின் மேல் சம்யமம் செய்து, பஞ்சுபோல் இலேசானவற்றில் மனம் ஒன்றினால் வான்வழிச் செலவு. சம்யமம் என்றால் தாரணை, தியானம், சமாதி மூன்றையும் ஒரே பொருளின் மேல் வைப்பது.

பரஞ்சோதியாரின் இலகிமா வேறு. மேருமலை போலக் கனத்த யோகியை ஒருவன் தூக்கினால் அணுப்போல இலேசாக இருப்பான். கரிமா இதன் தலைகீழ், அணுப்போல இருப்பவனைத் தூக்கப் போனால் மேரு. இரண்டிலும் தூக்குகிறவன் ஒருவன் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வனபருவத்தில் வழியில் கிடந்த கிழக்குரங்கின் வாலைப் பீமன் அசைக்க முடியாமல் நிற்கும் காட்சி இதற்குச் சரியான மாதிரி. பீமன் கைவைக்கும் வரை அது வெறும் வால்.

10 ஜூன், காலை 6.50

நேற்றிரவு எழுதியதன் தொடர்ச்சி. அணிமா (சிறிதாவது), மகிமா (பெரிதாவது) இரண்டும் அளவு. இலகிமா, கரிமா இரண்டும் எடை. ஏன் தனித்தனியாக வைத்தார்கள் என்பதைக் கணக்குப் போட்டால் புரியும்.

170 செ.மீ. உயரம், 70 கிலோ எடையுள்ள ஆள் கட்டைவிரல் உயரத்துக்கு, 6 செ.மீ.க்குச் சுருங்குகிறார் என்று வையுங்கள். உயரம் சுமார் 28இல் ஒரு பங்கு. கன அளவு சுமார் 22,700இல் ஒரு பங்கு. உடலின் அடர்த்தி மாறாவிட்டால் எடை 3 கிராம். காற்றில் அடித்துக்கொண்டு போவார். எடை மாறாமல் அளவு மட்டும் சுருங்கினால் அதே 70 கிலோ இரண்டு கட்டைவிரல் நுனி அளவுப் பாதங்களில் நிற்கும், ஈரமண்ணில் ஆணிபோல் இறங்கிவிடுவார். முதல் வகையில் அவருடைய குத்து எறும்புக்கடி, இரண்டாம் வகையில் துப்பாக்கிக் குண்டு. அணிமா என்று எழுதிவிட்டு எடையைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்காட்சி எழுத முடியாது.

பெரிதாவதில் சிக்கல் வேறு. இரண்டு மடங்கு உயர்ந்தால் எடை எட்டு மடங்கு, எலும்பின் குறுக்குவெட்டு நான்கு மடங்குதான். எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்பைப்போல் இரண்டு மடங்கு சுமக்கிறது. பத்து மடங்கு உயர்ந்தால் பத்து மடங்கு. கலிலியோ 1638இல் அச்சிட்ட நூலில் இதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பெரிய விலங்கின் எலும்பு நீளத்தைவிட அதிக விகிதத்தில் பருத்தாக வேண்டும். ஆகவே மகிமா மட்டும் உள்ளவன் தன் தொடையெலும்பைத் தானே முறித்துக்கொள்வான். கூடவே இலகிமாவும் வேண்டும்.

வால்மீகி எடையை மறக்கவில்லை. அனுமன் தாவுமுன் காலை ஊன்றி அழுத்தும்போது மகேந்திரமலை நீர் கக்குகிறது, பாறைகள் சிதறுகின்றன. அடுத்து, கடல்மேல் அனுமனை வழிமறிக்கும் சுரசை. அவள் இருபது, நாற்பது என்று வாயை விரிக்க, இவன் மிஞ்சி மிஞ்சி வளர்ந்து தொண்ணூறு யோசனை (பழைய தூர அளவு) வரை போகிறான். அவள் நூறு யோசனை வாயைத் திறந்ததும் கட்டைவிரல் அளவாகி உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறான். ‘என் வாய்க்குள் புகாமல் யாரும் போக முடியாது’ என்பது அவள் பெற்ற வரம். வரத்தின் எழுத்தை அனுமன் நிறைவேற்றிவிட்டான். வாய் மூடும் நேரத்தைவிடச் சுருங்கும் நேரம் குறைவு என்பதுதான் காட்சியின் பதற்றம். உங்கள் நாயகன் சுருங்க எத்தனை நொடி ஆகும்? அதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

10 ஜூன், மதியம் 1.20

இன்னொரு வரம்பும் அனுமனிடமே உண்டு, அவனுக்குத் தன் வலிமை நினைவில் இல்லை. சிறுவயதுக் குறும்பு பொறுக்காமல் முனிவர்கள் இட்ட சாபம் என்று உத்தரகாண்டம் காரணம் சொல்கிறது. எடுத்துச்சொல்ல ஒரு சாம்பவான் வேண்டும். சாம்பவான் இல்லாத ஊரில் அவன் சாதாரணக் குரங்கு.

11 ஜூன், இரவு 8.05

வாலியைப் பற்றிக் கேட்டவருக்கு. எதிரியின் பாதிபலம் வாலிக்கு வரும் என்பது கம்பன். வால்மீகியில் வாலிக்கு இருப்பது இந்திரன் தந்த பொன்மாலை. இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

கம்பன் வரி: ‘கிட்டுவார் பொரக் கிடைக்கின், அன்னவர் பட்ட நல் வலம் பாகம் எய்துவான்.’ எய்துவான், சரி. எதிரி இழப்பானா? இந்த வரி சொல்லவில்லை. கணக்கு இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

வாலியின் சொந்தப் பலம் 100, எதிரி 150 என்று வைப்போம். எதிரி இழந்தால் 175க்கு எதிராக 75. இழக்காவிட்டால் 175க்கு எதிராக 150. இரண்டிலும் வாலி வெல்கிறான். எதிரி 300 என்றால்? இழந்தால் 250க்கு 150, வாலி வெல்கிறான். இழக்காவிட்டால் 250க்கு 300, வாலி தோற்கிறான்.

எதிரி இழக்கும் வகையில் எப்பேர்ப்பட்டவன் வந்தாலும் வித்தியாசம் வாலியின் சொந்தப் பலமான 100 மட்டுமே. அது ஒருபோதும் மாறாது. இழக்காத வகையில் வாலியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பலமுள்ளவன் வந்தால் போதும்.

வரத்தின் வாசல் ‘கிட்டுவார்’ என்ற சொல்லில் இருக்கிறது. நெருங்கிப் பொருதால்தான் பாதி போகும். மரத்துக்குப் பின்னால் நின்று எய்த அம்பு இந்த வாசலில் நுழைவதே இல்லை. இராமன் மறைந்து நின்றது அறமா என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டிமன்றம் நடக்கிறது, நடக்கட்டும். போர்க்கணக்காகப் பார்த்தால் கம்பன் ஒற்றைச் சொல்லில் வழியை அடைத்து இன்னொரு வழியைத் திறந்திருக்கிறான். படிக்கும்தோறும் மலைக்கிறேன்.

இரணியன் வரம் எல்லோருக்கும் தெரிந்தது. அவன் கேட்டதெல்லாம் இரட்டைகள், ஒவ்வொரு இரட்டைக்கும் நடுவே ஓர் இடம்: பகல் இரவுக்கு அந்தி, உள் வெளிக்கு வாசற்படி, மண் விண்ணுக்கு மடி. இராவணன் பட்டியலில் மனிதரைச் சேர்க்கவே இல்லை. வரத்தை இப்படித்தான் எழுத வேண்டும், கேட்டவன் வாயாலேயே ஓட்டை விழ வேண்டும்.

12 ஜூன், இரவு 10.30

பறப்பவர்களுக்கு வருகிறேன். மணிமேகலையைப் படிக்காமல் சூப்பர்ஹீரோ கதை எழுதாதீர்கள் என்று தமிழில் எழுதுகிற எல்லோரிடமும் சொல்வேன்.

மணிமேகலா தெய்வம் அவளுக்குத் தருவது மூன்று மந்திரம்: வேற்றுரு எடுக்க, வானில் திரிய, பசி தீர. மூன்றாவது ஏன்? பறக்கிறவளுக்குப் பசிக்கும் என்று யோசித்திருக்கிறார் சாத்தனார். அதன்பிறகு கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி கிடைக்கிறது. அதுவும் கையில் வந்தவுடன் சுரந்துவிடாது. முதல் பிச்சையைக் கற்புடைய பெண் ஒருத்தி இட வேண்டும், ஆதிரை இடுகிறாள்.

வேற்றுருவுக்கு விலை என்ன? உதயகுமாரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை உருவம் கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வருகிறான். பன்னிரண்டு ஆண்டு வாட்டிய யானைத்தீ என்னும் தீராப்பசி நோய் தீர்ந்த மனைவி தன்னைப் பார்க்காமல் இன்னொருவனிடம் பேசுவதாகக் காண்கிறான், உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். உருவம் மட்டும்தான் மாறியது. அந்த உருவத்தின் உறவுகளும் கணக்குகளும் கூடவே வந்து சேர்ந்தன. வேற்றுரு எடுக்கும் எந்தப் பாத்திரத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: அந்த முகத்தை இதே ஊரில் யார் தேடிக்கொண்டிருக்கிறார்?

நிஜக் காயசண்டிகை என்ன ஆனாள்? அவள் வித்தியாதரப் பெண், பறக்கத் தெரியும். நோய் தீர்ந்து ஊருக்குத் திரும்பும் வழியில் விந்தமலைக்கு மேலே பறந்துவிட்டாள். அந்த மலையைக் காக்கும் விந்தாகடிகை, மேலே பறப்பவரை நிழலைப் பிடித்து இழுத்து வயிற்றில் போட்டுக்கொள்வாள். வானத்தில் போவோர் அந்த மலையைச் சுற்றிப் போக வேண்டும் என்பது விதி. இன்றைய விமானங்களுக்குத் தடைசெய்த வான்பகுதி இருப்பதுபோலத்தான்.

அனுமன் கடலைத் தாண்டும்போது நிழலைப் பிடித்து நிறுத்திய சிம்மிகையும் இதே வேலைதான் செய்தாள். உயரத்தில் பறக்கிறவனை எப்படி எட்டுவது என்ற கேள்விக்கு இரண்டு காப்பியமும் ஒரே விடை சொல்கின்றன: உடல் எட்டாது, நிழல் தரையில் இருக்கிறது. நல்ல வெயில் நேரம் பறப்பவனுக்கு ஆபத்து, அமாவாசை இரவு பாதுகாப்பு. ஓர் எதிரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

13 ஜூன், மாலை 5.10

மேலே யோசித்ததில் ஒரு திருத்தம். நிழல் தரையில் விழ உயரம் ஒத்துழைக்க வேண்டும். சூரியனின் கோண அகலம் சுமார் அரை பாகை. அதனால் ஒரு பொருள் தன் அகலத்தைப்போல் 110 மடங்குக்கு மேல் உயரத்தில் இருந்தால் முழு நிழல் தரையைத் தொடாது, மங்கலான அரைநிழல்தான். அரை மீட்டர் அகல உடம்புக்கு அந்த எல்லை 55 மீட்டர் சொச்சம். கடல்மேல் மலைபோலப் போன அனுமனின் நிழல் நீரில் அழுத்தமாக விழுந்திருக்கும். மனித அளவுள்ள உங்கள் நாயகன் 60 மீட்டருக்கு மேல் போனால் தப்பலாம். விந்தமலையில் அந்தக் கணக்கு பலிக்காமலும் போகலாம், மலையுச்சிதான் அவனுக்குத் தரை.

14 ஜூன், காலை 7.30

கூடுவிட்டுக் கூடு பாய்தல். சித்திகளில் இதுதான் கதைக்குத் தங்கச்சுரங்கம். தவறு நடக்கும் இடம் ஒன்றேதான், விட்டுப்போன கூடு.

திருமூலர் கதையையே எடுங்கள். சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்து கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. கயிலையிலிருந்து வந்த யோகியார் தம் உடலை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பினால் தம் உடலைக் காணோம், சிவன் மறைத்துவிட்டார். இதற்கிடையே மூலன் மனைவி வந்து வீட்டுக்கு அழைக்கிறாள். இவர் தொடவும் விடவில்லை. அவள் ஊர்ப்பெரியவர்களிடம் முறையிடுகிறாள். சேக்கிழார் அந்தப் பெண்ணின் துயரத்தை ஒதுக்காமல் பாடியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். காஞ்சனன் பிரச்சினைதான் இங்கும், உடலோடு அதன் குடும்பமும் வருகிறது.

அருணகிரிநாதர் கிளியுடலில் புகுந்து பாரிசாத மலருக்குப் போனபோது இங்கே உடலை எரித்துவிட்டார்கள் என்பது திருவண்ணாமலை மரபு, கிளிகோபுரம் அதன் அடையாளம். சங்கரர் அமருகன் உடலில் புகுந்த கதையில் சீடர்கள் குகையில் காவல் இருக்கிறார்கள், அதனால்தான் திரும்ப முடிந்தது.

எழுதுகிறவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை: விட்ட உடல் எத்தனை நாள் கெடாது, காவல் யார், காவலனை விலைக்கு வாங்க முடியுமா, புகுந்த உடலின் பழைய நினைவு வருமா. மூலன் உடலில் புகுந்தவருக்கு மாடுகளின் வீடு தெரிந்தது எப்படி? தெரியவில்லை, பெரியபுராணத்தில் மாடுகள்தான் முன்னே நடந்தன, இவர் பின்னே போனார். சின்ன விவரம், ஆனால் ஓட்டையை அடைத்துவிட்டது.

14 ஜூன், இரவு 9.55

மறைந்து உலவுவது பற்றிச் சுருக்கமாக. எச்.ஜி.வெல்ஸ் 1897இல் எழுதிய நாயகன் உடலின் ஒளிவிலகலைக் காற்றோடு ஒத்துவரச் செய்து மறைகிறான். அதில் உள்ள சிக்கல் பலர் சொன்னதுதான்: விழித்திரை ஒளியைப் பிடிக்காவிட்டால் பார்வை இராது, முழுக்க மறைந்தவன் குருடன். பதஞ்சலி வேறு பக்கத்திலிருந்து வருகிறார். உடலின் உருவத்தின் மேல் சம்யமம் செய்தால், அது ‘பிறரால் பிடிபடும் தன்மை’ நின்றுபோகிறது, பார்ப்பவர் கண்ணோடு அதன் ஒளி சேர்வதில்லை. ஒளி அவன் கண்ணுக்குள் போவதைச் சூத்திரம் தடுக்கவில்லை. அவனுக்குப் பார்வை உண்டு. இதில் எழுதத் தகுந்தது, மனம் கலைந்தால் சம்யமம் கலையும் என்பது. தும்மல் போதும்.

15 ஜூன், காலை 6.15

குளிகை, அதாவது சித்தர் கதைகளின் பாதரச உருண்டை, பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சித்தி வரும் வழி ஐந்து என்று யோகசூத்திரம் நான்காம் பாதத்தின் முதல் சூத்திரம் சொல்கிறது: பிறவி, மருந்து, மந்திரம், தவம், சமாதி. வழியைப் பொறுத்து இழப்பும் மாறும். பிறவியில் வந்தது பறிபோகாது, ஆனால் வளராது என்று வைக்கலாம். மந்திரம் மறக்கலாம், கர்ணன் மறந்த மாதிரி. மருந்தைத் திருடலாம். வாயில் அடக்கிக்கொண்டு பறக்கும் இரசக் குளிகை சித்தர் கதைகளில் வருவது, விழுங்கினாலோ துப்பினாலோ என்ன ஆகும் என்பதே ஓர் அத்தியாயம்.

கதைக்கு மட்டும். வீட்டில் பாதரசத்தைச் சூடாக்கிப் பார்க்க வேண்டாம். ஆவிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதைப் படிக்கும் பிள்ளைகளுக்காகவே எழுதுகிறேன்.

15 ஜூன், இரவு 10.20

‘எல்லாம் சரி, எல்லாவற்றையும் ஆளும் ஈசத்துவமும் நினைத்தது நடப்பதும் இருக்கும்போது இந்த ஓட்டைகள் எதற்கு? நிழலே விழாதே என்று நினைத்தால் முடிந்தது’ என்று கேட்டவர் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். இதற்கு விடை வியாசர் உரையிலேயே இருக்கிறது. நினைத்தது நடக்கும் சித்தி கைவந்த யோகியும், வல்லமை இருந்தும், பொருள்களின் இயல்பைப் புரட்டிப்போடுவதில்லை. ஏன்? அவனுக்கு முன்பே அதே சித்தி உள்ள இன்னொருவர் உலகம் இப்படி இருக்கட்டும் என்று நினைத்துவிட்டார். முதலில் நினைத்தவருடைய நினைப்பு நிற்கிறது.

நாவலாசிரியருக்கு நான் தர விரும்புவது இதுதான். எல்லாம் வல்லவன் ஒருவன் என்றால்தான் கதை முட்டும். அவனுக்கு முந்தியவன் ஒருவன் இருக்கிறான், அவன் நினைத்துவைத்த உலகத்துக்குள் இவன் நடக்கிறான் என்றால் ஐந்தாம் அத்தியாயம் தானே திறக்கும்.

தாயுமானவரையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மதயானையை வசமாக நடத்தலாம், புலிவாயைக் கட்டலாம், நீர்மேல் நடக்கலாம், கனல்மேல் இருக்கலாம், மற்றொரு சரீரத்தில் புகலாம் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்கிறார். பதஞ்சலியும் சித்திகள் சமாதிக்கு இடையூறு என்றே எழுதுகிறார். உங்கள் நாயகன் அதை அறிந்தே பயன்படுத்துகிறானா, அறியாமலா? இரண்டு வேறு நாவல்கள்.

16 ஜூன், காலை 11.00

கற்பிப்பதிலும் ஒரு நிபந்தனை உண்டு, விட்டுப்போயிற்று. திருவிளையாடற் புராணத்தில் 33ஆம் விளையாடல். கார்த்திகைப் பெண்கள் அறுவர் சிவனிடம் அட்டமாசித்தி கேட்கிறார்கள். உமையை வணங்கினால் கைகூடும் என்று சொல்கிறார், அவர்கள் மனம் வைக்கவில்லை. பட்டமங்கையில் ஆலமரத்தடியில் ஆயிரம் ஆண்டு கல்லாய்க் கிடக்கிறார்கள். அதன் பிறகுதான் உபதேசம். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் உள்ள பட்டமங்கலம்தான் அந்த ஊர்.

17 ஜூன், இரவு 8.45

வாலி கணக்கில் ஒரு பாக்கி. ஒரே நேரத்தில் இருவர் கிட்டிப் பொருதால்? ஒவ்வொருவரிடமும் பாதி என்று வைத்தால், 150 பலமுள்ள இருவர் வரும்போது வாலிக்கு 250. அவர்கள் இழந்தால் இருவருக்கும் சேர்த்து 150, இழக்காவிட்டால் 300. இழக்கும் வகையில் எத்தனை பேர் வந்தாலும் வித்தியாசம் அதே 100, படை திரட்டிப் போவது வீண். இழக்காத வகையில் இருவர் சேர்ந்தாலே வாலி வீழ்ந்திருப்பான். இராமனும் இலக்குவனும் சுக்கிரீவனும் சேர்ந்து நெருங்கிப் போயிருக்கலாம். அப்படி யாரும் யோசனைகூடச் சொல்லவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், எதிரி இழக்கும் கணக்கில்தான் கம்பன் வாலியை நிறுத்தியிருக்கிறான் என்று படுகிறது. 11ஆம் தேதிக் குறிப்பில் இரண்டையும் சமமாக வைத்தேன், அதை மாற்றிக்கொள்கிறேன்.